4×100 ரிலே: பேட்டன் வேகம் குறையாமல் கைமாற

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் 4×100 மீட்டர் தகுதிச் சுற்றை அமெரிக்கா 37.47 வினாடியில் ஓடியது. மறுநாள் இறுதிப் போட்டியில் கனடா தங்கம் வென்ற நேரம் 37.50. முதல் நாள் ஓடியதையே மறுபடி ஓடியிருந்தால் அமெரிக்காவுக்குத் தங்கம். ஆனால் முதல் கைமாற்றத்தில் கிறிஸ்டியன் கோல்மன் எட்டிப் பிடிப்பதற்குள் கென்னத் பெட்னாரெக் கிளம்பிவிட்டார். கைமாற்றத்துக்கென்று தடத்தில் குறித்திருக்கும் மாற்றுப் பகுதியைத் தாண்டிய பிறகே பேட்டன் (ஓடுபவர்கள் கைக்குக் கை கொடுக்கும் குட்டைக் குழல்) கைமாறியது, அணி தகுதி நீக்கம் ஆனது. தகுதிச் சுற்றில் கோல்மனிடம் வாங்கியவர் ஃபிரெட் கெர்லி. இறுதியில் ஜோடி மாறியிருந்தது. கனடாவிலோ ஆரன் பிரவுன், ஜெரோம் பிளேக், பிரெண்டன் ராட்னி, ஆண்ட்ரே டி கிராஸ் என்ற அதே நால்வர், அதே வரிசையில், டோக்கியோ ஒலிம்பிக்கிலும் 2022 ஓரிகன் உலக சாம்பியன்ஷிப்பிலும் ஓடிவிட்டுத்தான் பாரிஸுக்கு வந்தார்கள். பள்ளி, கல்லூரி, மாவட்ட அணி தயார் செய்பவர்களும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். நான்கு வேகமான ஆட்களைப் பிடிப்பதோடு வேலை முடிவதில்லை. மூன்று ஜோடிகளை உருவாக்க வேண்டும்.

அளவுகள்

மாற்றுப் பகுதி 30 மீட்டர். முன்பு 10 மீட்டர் வேகமெடுக்கும் இடமும் 20 மீட்டர் மாற்றுப் பகுதியும் தனித்தனியாக இருந்தன. இப்போது இரண்டும் ஒன்று. முதல் கைமாற்றத்தில் இது 80ஆவது மீட்டரில் தொடங்கி 110இல் முடிகிறது. வாங்குபவர் இந்தப் பகுதிக்குள் நின்றுதான் ஓடத் தொடங்க வேண்டும். நடுவர் பார்ப்பது பேட்டன் இருக்கும் இடத்தை. கால், உடல் எங்கே இருக்கின்றன என்பது கணக்கில்லை. வாங்குபவரின் கை பேட்டனை முதலில் தொடும்போது கைமாற்றம் தொடங்குகிறது, அது அவர் கையில் மட்டும் இருக்கும்போது முடிகிறது. இரண்டும் பகுதிக்குள் நடக்க வேண்டும். 2016 ரியோவில் அமெரிக்கா வெண்கலத்தை இழந்தது பகுதி தொடங்கும் முன்பே பேட்டனைத் தொட்டதால். 30 மீட்டர் வந்த பிறகு அந்தத் தவறு குறைந்துவிட்டது. இப்போதைய ஆபத்து வெளியேறும் கோட்டில்தான்.

பேட்டன் 28 முதல் 30 சென்டிமீட்டர் நீளம், சுமார் 4 சென்டிமீட்டர் விட்டம், எடை 50 கிராமுக்குக் குறையக் கூடாது. கையுறையும், பிடிப்புக்காகக் கையில் தடவும் பொருளும் கூடாது. எப்போது கிளம்ப வேண்டும் என்று வாங்குபவருக்குக் காட்டும் அடையாளமாகத் தடத்தில் ஒரு செக் மார்க் டேப் ஒட்டிக்கொள்ளலாம்: 5 சென்டிமீட்டர் அகலம், 40 சென்டிமீட்டர் நீளத்துக்கு மேல் போகக் கூடாது.

யார் எங்கே

முதலாமவர் பிளாக்கிலிருந்து (தொடக்கத்தில் கால் ஊன்றும் கட்டை) நன்றாகக் கிளம்புபவராகவும் வளைவில் ஓடத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். அவருக்குக் கொடுக்கும் வேலை மட்டும்தான். இரண்டாமவரும் மூன்றாமவரும் வாங்கவும் வேண்டும், கொடுக்கவும் வேண்டும். இருவரும் 120 மீட்டருக்குக் குறையாமல் ஓடுகிறார்கள். ஆகவே 200 மீட்டர் ஓடுபவர்கள் இங்கே பொருந்துவார்கள், மூன்றாமவருக்கு வளைவும் கைவந்திருக்க வேண்டும். கடைசி ஆள் வாங்கினால் போதும். அணியின் மிக வேகமானவர் கடைசியில்தான் ஓட வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி விதி எதுவும் இல்லை. உசைன் போல்ட் 2008 பெய்ஜிங்கில் மூன்றாவதாக, வளைவில் ஓடினார். 2012 லண்டனில் ஜமைக்கா 36.84 என்ற உலக சாதனை படைத்தபோது கடைசியாக ஓடினார்.

பேட்டன் வலது, இடது, வலது, இடது என்று போகும். முதலாமவர் வலது கையில் பிடித்து லேனின் உட்புறம் ஒட்டி வருவார். இரண்டாமவர் வெளிப்புறம் நின்று இடது கையில் வாங்குவார். மூன்றாமவர் உட்புறம் நின்று வலது கையில் வாங்குவார், நான்காமவர் மறுபடி வெளிப்புறம், இடது கை. யாரும் கை மாற்றிப் பிடிக்கத் தேவையில்லை. இந்த ஒழுங்கு இல்லாவிட்டால் கொடுப்பவர் வாங்குபவரின் குதிகாலை மிதிப்பார்.

செக் மார்க்

நேரத்தை அதிகம் செலவிட வேண்டிய இடம் இது. கொடுப்பவர் டேப்பைத் தாண்டும் கணத்தில் வாங்குபவர் முழு வேகத்தில் கிளம்ப வேண்டும். டேப் எங்கே என்பதைக் கணக்குப் போட்டே தொடங்கலாம்.

கொடுப்பவரை ஓடவிட்டு, அவருடைய கடைசி 30 மீட்டருக்கு நேரம் எடுங்கள். 3.33 வினாடி என்றால் வேகம் வினாடிக்கு 9 மீட்டர். வாங்குபவரை அவர் நிற்கும் நிலையிலிருந்தே கிளப்பி, கைமாற வேண்டிய இடம் வரை நேரம் எடுங்கள். அந்த இடம் பகுதியின் 22ஆவது மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கைதட்டலில் கடிகாரத்தை அழுத்தினால் அவர் சுதாரிக்கும் நேரமும் அதில் சேர்ந்துவிடும். 3.3 வினாடி வந்தால், அந்த நேரத்தில் கொடுப்பவர் 29.7 மீட்டர் கடப்பார். அதில் 22 கழித்தால் 7.7. இருவரின் கைகளும் நீண்டிருப்பதால் கிடைக்கும் இடைவெளி சுமார் 1 மீட்டர்; அதைக் கூட்டினால் 8.7 மீட்டர். வாங்குபவர் நிற்கும் இடத்திலிருந்து பின்னோக்கி அவ்வளவு தூரத்தில் டேப். மைதானத்தில் இதைக் குதிகாலும் நுனிவிரலும் தொடும்படி அடி வைத்து அளப்பார்கள். ஸ்பைக்ஸோடு (ஆணி வைத்த ஓட்டக் காலணி) அடி 29 சென்டிமீட்டர் என்றால் 30 அடி. எப்போதும் அதே ஸ்பைக்ஸ் போட்டு, அதே ஆள் அளக்க வேண்டும்.

பிறகு முழு வேகத்தில் ஓடிப் பார்த்துத் திருத்துங்கள். கொடுப்பவர் சீக்கிரமே மேலே வந்து முட்டினால் டேப்பை ஓர் அடி பின்னே தள்ளுங்கள். எட்ட முடியாமல் போனால் ஓர் அடி கிட்டே கொண்டுவாருங்கள். ஒரு தடவையில் இரண்டு அடிக்கு மேல் மாற்றாதீர்கள். “கொஞ்சம் மெதுவாகக் கிளம்பு” என்று மட்டும் ஒருபோதும் சொல்லக் கூடாது. வாங்குபவர் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு வேகத்தில் கிளம்பினால் எந்த அளவும் செல்லாது. நேர்ப்பாதையில் எதிர்க்காற்று அடித்தால் கொடுப்பவர் தளர்ந்து வருவார்; அந்தக் கைமாற்றத்துக்கு ஓர் அடி குறையுங்கள். ஒரே நாளில் இரண்டாம் ஓட்டம் என்றாலும் இதையே யோசியுங்கள்.

போட்டி நாளில் அதிகம் கெடுவது இங்கேதான். கூட்டத்தின் சத்தத்திலும் பக்கத்து லேன்காரர் கிளம்புவதைப் பார்த்தும் வாங்குபவர் டேப்புக்கு முன்பே நகர்ந்துவிடுவார். கண் டேப்பில் மட்டும் இருக்க வேண்டும். வருபவரின் முகத்தைப் பார்த்தால் வேகத்தை மனத்தால் கணிக்கத் தோன்றும், கணிப்பு தவறும்.

கைக்குக் கை

பெரும்பாலான அணிகள் பேட்டனை நேராக முன்னே தள்ளிக் கொடுக்கின்றன: வாங்குபவர் கையைப் பின்னால் ஏறக்குறைய தோள் உயரத்துக்கு நீட்டி, உள்ளங்கையை வருபவருக்குக் காட்டி, கட்டைவிரலை விலக்கி வைப்பார். பேட்டனை நிமிர்த்திப் பிடித்து உள்ளங்கையில் தள்ளினால் போதும். இலக்கு பெரியது, இடைவெளியும் கிடைக்கும். ஜப்பான் பயன்படுத்துவது கீழிருந்து மேலே கொடுக்கும் முறை. வாங்குபவர் கை இடுப்புக்குச் சற்றுப் பின்னால் தாழ்ந்திருப்பதால் ஓட்டத்தின் அமைப்பு கலையாது. ஆனால் இடைவெளி குறையும், இருவரும் மிக நெருங்கி வர வேண்டும். பேட்டனில் பிடிக்க மிச்சமிருக்கும் இடமும் ஆளுக்கு ஆள் சுருங்கும், ஆகவே கையோடு கை படும்படி கொடுக்க வேண்டும். ரியோவில் 100 மீட்டரை 10 வினாடிக்குள் ஓடியவர் ஒருவர்கூட இல்லாமல் ஜப்பான் 37.60இல் வெள்ளி வென்றது இந்த முறையில்தான். பயிற்சிக்குக் குறைந்த நாட்களே இருக்கும் அணிக்கு முதல் முறையே நல்லது.

குரல் கொடுத்த பிறகுதான் கை நீள வேண்டும். முன்கூட்டியே கையை நீட்டி ஓடினால் வேகம் அங்கேயே போய்விடும். குரல் ஒரே அசை, அணிக்கென்று தனியானது; பக்கத்து லேன்காரரும் “ஹேண்ட்” என்றுதான் கத்துவார். நீண்ட கை அசையக் கூடாது, வாங்குபவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. சரியான இடத்தில் வைப்பது கொடுப்பவரின் பொறுப்பு. முதல் முயற்சி தவறினால் வாங்குபவர் கையைத் துழாவாமல் அப்படியே வைத்திருக்க, கொடுப்பவர் மறுபடி வைக்க வேண்டும்.

பயிற்சி

நால்வரும் வரிசையாக நின்று, பிறகு மெல்ல ஓடி, கை அமைப்பைப் பழகுங்கள். இது வார்ம் அப்பிலேயே முடிந்துவிடும். ஆனால் மெதுவான ஓட்டத்தில் செக் மார்க்கைச் சரிபார்க்க முடியாது. அதற்கு ஸ்பைக்ஸ் போட்டு முழு வேகம் வேண்டும். ஒரு ஜோடிக்கு ஒரு நாளில் நான்கைந்து தடவை போதும், அதற்கு மேல் கால் தளர்ந்து அளவு பொய்யாகிவிடும். பேட்டன் பகுதிக்குள் நுழைவதிலிருந்து வெளியேறுவது வரை 30 மீட்டருக்கு நேரம் எடுத்துக் குறித்து வையுங்கள். கொடுப்பவரின் 30 மீட்டர் நேரத்தைவிட இது எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு இழப்பு. கண்ணுக்கு அழகாகத் தெரிந்த கைமாற்றம் கடிகாரத்தில் மோசமாக இருப்பது அடிக்கடி நடக்கும்: இருவரும் சேர்ந்து வேகம் குறைத்திருப்பார்கள்.

மாற்று வீரரையும் குறைந்தது இரண்டு இடங்களுக்குப் பழக்கி, அவருடைய அடிக் கணக்கையும் எழுதி வையுங்கள்.

பேட்டன் விழுந்தால், தவறவிட்டவர்தான் எடுக்க வேண்டும். ஓடும் தூரம் குறையாமலும் மற்றவருக்குத் தடையாகாமலும் இருந்தால் லேனை விட்டுப் போய் எடுத்து வரலாம். கொடுத்து முடித்தவர் மற்ற அணிகள் கடக்கும் வரை தன் லேனிலேயே நிற்க வேண்டும். குறுக்கே போய் வேறு அணியை மறித்தால், சரியாகக் கைமாறிய பிறகும் அணி தகுதி நீக்கம் ஆகலாம்.