ஜெர்மனில பெரிய கவர்மெண்ட் யூனிவர்சிட்டியா, சிட்டி பிரைவேட் யூனிவர்சிட்டியா? பணம் கட்டுறதுக்கு முன்னாடி இத படிச்சிருங்க

ஜெர்மனிக்குப் படிக்கப் போன நான் இப்ப ஊருக்கு வந்திருக்கேன்னு கேள்விப்பட்டு, நேத்து சாயங்காலம் தங்கச்சிமடத்துல இருந்து ஒரு தம்பி அவங்க அப்பாவ கூட்டிக்கிட்டு பாம்பன்ல எங்க வீட்டுக்கு வந்திருந்தான். போன்ல ரெண்டு அட்மிஷன் லெட்டர் வச்சிருக்கான். ஒண்ணு முப்பதாயிரம் பேர் படிக்கிற கவர்மெண்ட் யூனிவர்சிட்டி, இன்னொண்ணு பெரிய சிட்டிக்கு நடுவுல ஒரே ஒரு கட்டடத்துல நடக்குற பிரைவேட். "எதுல விடலாம் சொல்லுத்தா, வெள்ளிக்கிழமைக்குள்ள பணம் கட்டணும்ங்குறாக"ன்னு அவங்க அப்பா கேட்டாக. அந்த வெள்ளிக்கிழமைங்குற வார்த்தைய கேட்டதும் எனக்கு வயித்த பெசஞ்சிருச்சு, ஏன்னா 2023ல எங்க வீட்லயும் இதே மாதிரி ஒரு வெள்ளிக்கிழமை வந்துச்சு, அன்னைக்கு நாங்க தப்பானதுல கட்டிட்டோம். அவனுக்கு சொன்னத இங்க முழுசா எழுதுறேன். கிளம்பப் போறவங்க படிங்க, போய் இறங்கி பிரைவேட்ல சேந்து அங்க தங்குறதுக்கான பெர்மிட்ட இன்னும் எக்ஸ்டெண்ட் பண்ணாம இருக்கவங்க கண்டிப்பா படிங்க.

பேப்பர் வேலைய வேகமா சொல்லிடுறேன், ரெண்டு பக்கமும் இது ஒண்ணுதான். நம்ம மார்க் ஷீட்டெல்லாம் நெசம்தான்னு சரிபாத்துக் குடுக்குற ஏபிஎஸ் சர்டிபிகேட்டுக்கு 18,000 ரூபா, அது இல்லாம விசா கிடையாது, சீக்கிரமே போட்டு வைங்க. பல யூனிவர்சிட்டிக்கு ஒரே இடத்துல அப்ளை பண்ற யூனி அசிஸ்ட் வழியா போடுறதுக்கு மொத அப்ளிகேஷன் 75 யூரோ, அதுக்கு மேல ஒவ்வொண்ணுக்கும் 30. அங்க சாப்பாடு, வாடகை செலவுக்கு முன்கூட்டியே போட்டு வைக்கிற பிளாக்டு அக்கவுண்ட் நான் போறப்ப 11,208 யூரோ, 2024 செப்டம்பர்ல இருந்து 11,904 ஆக்கிட்டாங்க, மாசம் 992 தான் கைக்கு வரும். போய் இறங்குனதும் ரெண்டு வாரத்துக்குள்ள அட்ரஸ் பதியணும், அன்மெல்டுங்னு சொல்லுவாங்க, அதுக்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட பேப்பர் வேணும், அத தர முடியாதுன்னு சொல்ற வீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்துறாதீங்க. 30 வயசுக்கு கீழ இருந்தா பப்ளிக் இன்சூரன்ஸே எடுங்க, விலை கம்மின்னு பிரைவேட் இன்சூரன்ஸுக்கு எழுதிக் குடுத்துட்டா படிப்பு முடியிற வரைக்கும் திரும்ப வர முடியாது. ரேடியோ பில்னு மாசம் 18.36 யூரோ கணக்குல வீட்டுக்கு லெட்டர் வரும், ஏமாத்து இல்ல, கட்டிருங்க. பார்ட் டைம் வேலை வருஷத்துக்கு 140 முழு நாள், இல்லாட்டி 280 அரை நாள். அவ்வளவுதான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். நம்ம ஊர்ல நமக்கு ஒரு கணக்கு பழகிப் போச்சு, மார்க் இருந்தா கவுன்சிலிங்ல கவர்மெண்ட் சீட்டு, இல்லன்னா காசு கட்டி பிரைவேட், காசு கட்டுனா பிள்ளைய நல்லா கவனிப்பாங்க, கேம்பஸ் இன்டர்வியூ எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க. ஜெர்மனில இந்தக் கணக்கு செல்லாது. அங்க பெரிய யூனிவர்சிட்டி பெரும்பாலும் கவர்மெண்டோடது, பெரும்பாலான மாநிலத்துல டியூஷன் ஃபீஸே கிடையாது, செமஸ்டருக்கு சில நூறு யூரோ கான்ட்ரிபூஷன் மட்டும்தான், நிறைய இடத்துல அதுலயே ட்ரெய்ன் பாஸும் சேந்து வரும். பாடன் வூர்ட்டம்பெர்க்ல மட்டும் நம்மள மாதிரி வெளிநாட்டுப் பிள்ளைங்களுக்கு 2017ல இருந்து செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் டெக்னிகல் யூனிவர்சிட்டியும் 2024 குளிர்கால செமஸ்டர்ல இருந்து வாங்க ஆரம்பிச்சிருச்சு, மாஸ்டர்ஸுக்கு செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 வரை. மத்தபடி கவர்மெண்ட் யூனில பெரும்பாலும் படிப்பு ஃப்ரீதான்.

அப்படி இருக்கும்போது ஏன் ஆளாளுக்கு பிரைவேட்டுக்கு போறோம்? ஏஜெண்ட் சொல்றதால. கவர்மெண்ட் யூனி ஏஜெண்டுக்கு கமிஷன் குடுக்காது, பிரைவேட் குடுக்கும். இந்த ஒரு விஷயம் அன்னைக்கு எங்க அப்பாவுக்குத் தெரிஞ்சிருந்தா எங்க அம்மா நகை அடகுக்கே போயிருக்காது.

ராமநாதபுரத்துல ஒரு மஹால்ல செமினார் வச்சாங்க, ஏசி ஹால், வாசல்ல பன்னீர் தெளிச்சு கல்யாணம் மாதிரி. நான் பி.ஈ. ட்ரிப்பிள் ஈ முடிச்சிருந்தேன், டார்ட்முண்ட் டெக்னிகல் யூனிவர்சிட்டில ஆட்டோமேஷன் அண்ட் ரோபாட்டிக்ஸ் மாஸ்டர்ஸுக்கு இடம் கிடைச்சு லெட்டரும் கையில இருந்துச்சு. அத வாங்கிப் பாத்துட்டு அந்த ஏஜெண்ட், "அங்க போனா ஃபெயில் ஆயி திரும்பி வருவீங்க சிஸ்டர், அது ரொம்ப டஃப், ஊரும் டல்லு, பிரைவேட்ல க்ளாஸுக்கு இருபது பேருதான், சிட்டி நடுவுல, பார்ட் டைம் வேலை அன்னைக்கே கிடைக்கும்"னாரு. மொத வருஷ ஃபீஸ் 6,000 யூரோ, அப்ப அஞ்சு லட்சத்து நாப்பதாயிரம் கிட்ட. கட்ட வேண்டிய தேதி மே மாசத்துல. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம்னு நம்ம கரையில சின்னப்புள்ளைக்கும் தெரியும், படகு எல்லாம் கரையேறி கெடக்கு, வீட்ல வரும்படி கிடையாது, அம்மா தாலிக்கொடிய தவிர எல்லாத்தையும் கழட்டிக் குடுத்தாங்க. பேங்க்ல கேக்கலாம்னா ஏழரை லட்சத்துக்கு மேல போனா அடமானத்துக்கு சொத்து கேக்குறாங்க, அதுக்குள்ள அந்த வெள்ளிக்கிழமை வந்துருச்சு.

க்ளாஸ் நல்லாத்தான் இருந்துச்சு, அத மறைக்க மாட்டேன். இருபது பேர், சார் பேர் சொல்லிக் கூப்பிடுவாரு. ஆனா வாரத்துல ஒரு நாள்தான் நேர்ல, மத்ததெல்லாம் லேப்டாப்புல. எனக்கு அது வசதியா கூட தெரிஞ்சுச்சு, வேலைக்கு போக நேரம் கிடைக்குதேன்னு.

2024 மார்ச்ல பெர்மிட் எக்ஸ்டெண்ட் பண்ண அந்த ஊர் ஃபாரினர்ஸ் ஆபிஸ்க்கு போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் எங்க அத்தை வயசுல ஒரு அம்மா. நான் குடுத்த என்ரோல்மெண்ட் சர்டிபிகேட்ட ரெண்டு தடவை படிச்சாங்க. அப்புறம் பென்சில எடுத்து நடுவுல ஒரே ஒரு வார்த்தைக்கு கீழ மெல்லமா கோடு போட்டு, பேப்பர என் பக்கம் திருப்பி வச்சாங்க. ஃபேர்ன்ஸ்டூடியம். ஆறு மாசமா அந்தப் பேப்பர் என் ஃபைல்ல இருந்துச்சு, ஜெர்மன்ல இருந்ததால நான் படிக்கவே இல்ல. நம்ம ஊர்ல கரஸ்ல படிக்கிறதும்பாங்களே, அதான் அந்த வார்த்தைக்கு அர்த்தம். கரஸ்ல படிக்கிறதுக்கு ஸ்டூடண்ட் பெர்மிட் கிடையாது, வீட்ல உக்காந்து படிக்கிற படிப்ப உங்க ஊர்ல இருந்தே படிக்கலாமேங்குறது அவங்க சட்டம். ஏஜெண்ட் காட்டுன இங்கிலீஷ் லெட்டர்ல கேம்பஸ்னு போட்டிருந்துச்சு, ஜெர்மன் சர்டிபிகேட்ல கரஸ்னு போட்டிருந்துச்சு. ரெண்டும் ஒரே காலேஜ் குடுத்ததுதான்.

மூணு வாரத்துல வீட்டுக்கு ஒரு லெட்டர் வந்துச்சு, அன்ஹோருங்னு தலைப்பு. பயந்துறாதீங்க, அது முடிவு இல்ல, "உனக்கு மறுக்கப் போறோம், அதுக்கு முன்னாடி நீ சொல்ல வேண்டியத சொல்லு"ன்னு டைம் குடுக்குற லெட்டர். அதுக்கு பதில் எழுதாம விட்டாத்தான் கதை முடிஞ்சுது. காலேஜ்ல போய் ரீஃபண்ட் கேட்டேன். கான்ட்ராக்ட எடுத்து காட்டுனாங்க, விசா ரிஜெக்ட் ஆனா மட்டும்தான் ரீஃபண்டாம், எனக்கு விசாதான் கிடைச்சிருச்சே, மறுத்தது பெர்மிட்ட, அது வேறயாம். அம்மா நகை அந்த ஒரு வரில போச்சு.

அதனால பணம் கட்டுறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது இதுதான். காலேஜுக்கு நேரா மெயில் போடுங்க, ஏஜெண்ட் வழியா வேணாம். எனக்குத் தரப்போற இமட்ரிகுலேஷன் சர்டிபிகேட்ல (அதான் அந்த என்ரோல்மெண்ட் சர்டிபிகேட்), அதுவும் ஜெர்மன்ல, பிரேசென்ஸ்டூடியம், ஃபோல்ட்சைட்னு இருக்குமா, மாதிரி ஒண்ணு அனுப்புங்கன்னு கேளுங்க. மொதல்ல உள்ளது நேர்ல வந்து படிக்கிறது, ரெண்டாவது முழு நேரம். ஃபேர்ன், ஆன்லைன், ஹைபிரிட்னு எது இருந்தாலும் நிறுத்திக்கங்க. எந்தக் காலேஜுக்கு அங்கீகாரம் இருக்குன்னு காட்டுற அனாபின் சைட்ல அந்தக் காலேஜ் ஹெச் பிளஸ்னு, அதாவது அங்கீகாரம் உள்ளதுன்னு இருக்கான்னு பாருங்க, ஆனா ஹெச் பிளஸ் இருந்தா போதும்னு நினைச்சுறாதீங்க, நான் படிச்சதும் ஹெச் பிளஸ்தான். பெர்மிட் மறுத்தா ரீஃபண்டான்னு தனியா ஒரு வரி எழுதி வாங்குங்க. அந்த ஊர் கவர்மெண்ட் ஹாஸ்டலுக்கு, ஸ்டூடியரெண்டன்வெர்க்னு பேரு, அந்த காலேஜ் பிள்ளைங்க அப்ளை பண்ணலாமான்னும் கேளுங்க, சில பிரைவேட்ல அது கிடையாது, வெளிய ரூமுக்கு ரெண்டு மடங்கு அழ வேண்டி வரும். கமிஷன் வாங்காம பேசுற இடம் வேணும்னா வெளிநாட்டுப் பிள்ளைங்களுக்கு ஜெர்மன் படிப்பு பத்தி வழி சொல்ற டாட் (DAAD) அமைப்போட இன்ஃபர்மேஷன் சென்டர் சென்னையில இருக்கு, அங்க கேளுங்க.

நான் எப்படி தப்பிச்சேன்னா, பழைய சர்டிபிகேட்டெல்லாம் வச்சு டார்ட்முண்டுக்கே திரும்ப அப்ளை பண்ணேன், அந்த அப்ளிகேஷன அன்ஹோருங் பதில்ல காட்டுனேன், ஒரு டெம்பரவரி பேப்பர் குடுத்தாங்க. அக்டோபர்ல சேரணும், ஜூலையிலயே ரூம் காலி பண்ணியாச்சு. டார்ட்முண்ட் ஸ்டேஷன் பக்கத்துல ஒரு ஈழத் தமிழர் கடை, அரிசி வாங்கப் போனேன், கல்லால இருந்த அண்ணா "எந்த ஊர் பிள்ளை?"ன்னு கேட்டாரு. பாம்பன்னு சொன்னேன். கையில இருந்த கறிவேப்பிலைய அப்படியே வச்சுட்டு, "பாம்பனோ? நான் மண்டபம் காம்பில ரெண்டு வருசம் இருந்தனான்"னாரு. அவரு 90ல படகுல வந்து இறங்குனவரு, நம்ம கரையில யாரோ ஒரு அம்மா மீன் குழம்பும் சோறும் போட்டத இன்னைக்கும் சொல்றாரு. கடைக்கு மேல இருந்த சின்ன ரூம மூணு மாசத்துக்கு குடுத்தாரு, வாடகை எவ்வளவுன்னு நான் கேட்டதுக்கு அவரு வீட்டு அக்கா கோவிச்சுக்கிட்டாங்க. ஆகஸ்ட்ல கெவெலார் மாதா கோயிலுக்கு கூட்டிட்டு போனாங்க, வருஷா வருஷம் ஐரோப்பா பூரா இருந்து தமிழங்க ஆயிரக்கணக்குல கூடுற இடம், எனக்கு கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா மாதிரியே இருந்துச்சு, தமிழ்ல ஜெபமாலை சொல்றப்ப நான் அழுதுட்டேன்.

பெரிய யூனி சொர்க்கம்னு சொல்லல. அங்க யாரும் உங்கள தேட மாட்டாங்க. மொத க்ளாஸ் அன்னைக்கு ஹால்ல எத்தனை பேருன்னு எண்ண முடியல, அட்டெண்டன்ஸ் கிடையாது, பரீட்சைக்கு நீங்களேதான் ஆன்லைன்ல பதியணும், தேதி போச்சுன்னா போச்சு. நம்ம ஊர் அரியர் கணக்கு அங்க வேணாம், ரொம்ப இடத்துல ஒரு பேப்பருக்கு மூணு சான்ஸ்தான், மூணாவதும் போச்சுன்னா அதே கோர்ஸ ஜெர்மனில வேற எந்த யூனிலயும் படிக்க முடியாம போயிரும். கூட படிச்ச பையன் ஒருத்தன் கண்ட்ரோல் தியரில மூணாவது தடவை எழுதப் போற அன்னைக்கு காலைல அவன் கை நடுங்குனத பாத்திருக்கேன். பாஸ் ஆயிட்டான். ஆனா சட்டச் சிக்கல் வந்தா கேக்க ஆஸ்டான்னு ஸ்டூடண்ட் யூனியன் இருக்கு, பல யூனில அவங்ககிட்ட வக்கீல் ஆலோசனை ஃப்ரீ, பழைய காலேஜ்ல எனக்கு அப்படி ஒரு கதவு கூட இல்ல. முடிச்சதும் வேலை தேட 18 மாசம் பெர்மிட் உண்டு. ரெண்டு கேம்பஸுக்கு நடுவுல தண்டவாளத்துல தொங்கிக்கிட்டே போற ஒரு குட்டி ட்ரெய்ன் இருக்கு, ஹெச் பான். மழையில அதுல போறப்ப எல்லாம் கீழ கடல் தெரியுதான்னு பாப்பேன், பாம்பன் பாலத்துல போயிப் பழகுன கண்ணு.

பிரைவேட்டே கூடாதுன்னும் சொல்லல. நிஜமாவே நேர்ல நடத்துற நல்ல பிரைவேட் இருக்கு, கையில காசும் இருக்கு, பெரிய கூட்டத்துல பிள்ளை தொலஞ்சு போகும்னா போங்க. எங்க அப்பா கடல் தொழில்காரரு, படிக்காதவரு. எல்லாம் முடிஞ்ச பிறகு சொன்னாரு, "வடகடலா தென்கடலான்னு நீ கேட்ட, நானும் அதத்தான் பாத்தேன், எந்தக் காத்துன்னு பாக்கல"ன்னு. கச்சான் காத்துல தென்கடல் பொங்கும், வாடையில வடகடல் பொங்கும், கரையில வளந்த எங்களுக்கே அன்னைக்கு அது தோணல.

இந்தத் தடவை புதுப் பாலத்துல ட்ரெய்ன்ல வந்து இறங்குனேன். திரும்பிப் போறப்ப கருவாடு எடுத்துட்டு போறேன், நீங்களும் எடுத்துட்டு போங்க. கறியும், நெய், பால்கோவா மாதிரி பால் சாமானும் ஏர்போர்ட்ல புடுங்கிருவாங்க, மீன் அயிட்டம் ஆளுக்கு 20 கிலோ வரைக்கும் விடுவாங்க, நல்லா காஞ்சத ரெண்டு கவர் போட்டு கட்டுங்க. அண்ணா கடைக்கு ரெண்டு கிலோ நெத்திலி தனியா அம்மா எடுத்து வச்சிருக்காங்க.

அந்தத் தங்கச்சிமடம் தம்பி இங்க உக்காந்தே மெயில் அனுப்பிட்டான், அந்த ரெண்டு ஜெர்மன் வார்த்தையும் நான்தான் டைப் பண்ணிக் குடுத்தேன். இன்னும் பதில் வரல. பதில் வராம ஒரு ரூபா கட்ட வேணாம், வெள்ளிக்கிழமை போனா போகட்டும்னு அவங்க அப்பாகிட்ட சொல்லி அனுப்பிருக்கேன்.