சிம்லிங்க் போட்டு ஏமாற்றாதீர்கள்: பழைய லினக்ஸ் மென்பொருளைக் கன்டெய்னரில் ஓட்டும்போது தவிர்க்க வேண்டியவை

பழைய புகைப்படத் திருத்த மென்பொருள் ஒன்றைக் கன்டெய்னருக்குள் (தனக்கு வேண்டிய கோப்புகளோடு, மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்த தனிச் சூழல்) ஓடவைத்துவிட்டதாக நண்பர் ஒருவர் சென்ற வாரம் பெருமையோடு திரையைக் காட்டினார். டெர்மினலில் அவர் அடித்திருந்த வரியைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது. முன்பு நான் அடித்த அதே வரி. தானாகவே புரிந்துவிடும் சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன்.

இல்லாத நூலகத்துக்குப் போலிப் பெயர் சூட்டுவது

மென்பொருள், டிஃப் (TIFF) படங்களைப் படிக்கவும் எழுதவும் பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் லிப்டிஃப் என்ற நிரல் நூலகத்தின் 4 என்ற எண் கொண்ட கோப்பைக் கேட்கிறது. கன்டெய்னரில் இருப்பதோ 5. உடனே 4 என்ற பெயரில் 5-ஐச் சுட்டும் ஒரு சிம்லிங்க், அதாவது வேறு கோப்புக்கு வழிகாட்டும் மாற்றுப் பெயர். சாளரம் திறந்துகொள்கிறது, நாமும் மகிழ்ந்துபோகிறோம்.

அந்த எண் அலங்காரத்துக்கு வைத்ததல்ல. பழைய நிரல்களோடு ஒத்துப்போகாத மாற்றம் உள்ளே நடந்திருக்கிறது என்று நூலகத்தை எழுதியவர்களே விடுக்கும் எச்சரிக்கை அது. லிப்டிஃப் 4.0 பதிப்பில், 4 ஜிபியைத் தாண்டும் கோப்புகளுக்காக, படத்தின் ஒவ்வொரு துண்டும் எங்கே இருக்கிறது என்று குறிக்கும் எண்கள் 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு மாறின. (கோப்பின் எண் 5, பதிப்பின் எண் 4.0, இந்தக் குழப்பத்துக்கு நான் பொறுப்பல்ல.) பழைய நிரல் அந்தப் பட்டியலை 32 பிட்டாகவே படிக்கும், ஒன்றுவிட்டு ஒன்று பூஜ்யமாக வரும். பிழைச் செய்தி வர வேண்டும் என்ற கட்டாயமே இல்லை.

ஒரே துண்டாகச் சேமித்த சிறிய படங்கள் எனக்குச் சரியாகவே தெரிந்தன. முதல் எண் மட்டும் தப்பிவிடுகிறதே! அந்தத் தைரியத்தில் இரண்டு வாரம் உழைத்து, அசல் கோப்புகளின் மேலேயே சேமித்தேன். பிறகு வேறு கணினியில் திறந்தால், பெரிய படங்களில் மேலே மெல்லிய பட்டை, மீதியெல்லாம் கறுப்பு. இன்றும் அந்தக் கட்டளையைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

செய்ய வேண்டியது, மென்பொருள் பிறந்த காலத்து வெளியீட்டையே கன்டெய்னராக எடுப்பது. டெபியன் என்ற லினக்ஸ் வகையின் 7-ஆம் வெளியீட்டில் பழைய லிப்டிஃப் இருக்கிறது. மென்பொருள்களைத் தரவிறக்கும் களஞ்சியத்தின் முகவரியை டெபியனின் பழைய வெளியீடுகளுக்கான காப்பகத்துக்கு மாற்றுங்கள். தேதி காலாவதி என்று ஆப்ட் (டெபியனின் நிறுவும் கருவி) முரண்டு பிடித்தால், அந்தச் சோதனையைக் கன்டெய்னருக்குள் மட்டும் அணையுங்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் வராத இடம் என்பதால், நிறுவி முடித்ததும் இணையத்தையும் துண்டித்துவிடுங்கள். கன்டெய்னர் 139 என்ற எண்ணோடு உடனே செத்தால் நூலகங்களைத் தோண்டாதீர்கள். உங்கள் கெர்னலில் (லினக்ஸின் மையக்கரு) விசிஸ்கால் என்ற, பழைய நிரல்கள் கெர்னலை அழைக்கும் வழி அணைக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எல்டிடி சொல்வதை மட்டும் நம்புவது

எல்டிடி (ldd) ஒரு மென்பொருளுக்கு வேண்டிய நூலகங்களைப் பட்டியலிடும் கட்டளை. ஓடும்போது ஏற்றப்படும் செருகுநிரல்கள் அதன் பட்டியலில் வராது. எல்டி டீபக் (LD_DEBUG) என்ற சூழல் மாறியில் லிப்ஸ் (libs) என்று கொடுத்து ஓட்டிப் பாருங்கள், எந்தெந்த நூலகம் தேடப்படுகிறது என்று தெரியும்.

கண்முன் இருக்கும் கோப்பை 'இல்லை' என்கிறது

பெரும்பாலும் 32 பிட் மென்பொருள். இல்லாதது அந்தக் கோப்பல்ல, அதை நினைவகத்தில் ஏற்றித் தொடங்கிவைக்கும் 32 பிட் லோடர்.

எக்ஸ்ஹோஸ்ட் பிளஸ்

கன்டெய்னரின் சாளரம் திரையில் வரவில்லை என்று, திரையை யார் வேண்டுமானாலும் அணுகத் திறந்துவிடும் இந்தக் கட்டளையை (xhost +) அடிப்பது வேண்டாம்.