எம்.ஜி.பி.யைக் கொடுத்துவிட்டு எம்எக்ஸ்-5 வாங்குமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனில் எம்.ஜி.பி. வைத்திருப்பவர்களுக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் இந்த யோசனை வந்துவிடும்: இதைக் கொடுத்துவிட்டு ஒரு மஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கினால் என்ன? கேள்வியில் தப்பில்லை. இரண்டும் இரண்டு பேர் உட்காரும், கூரையைத் திறந்து ஓட்டும், பின்சக்கரத்தில் உந்தப்படும் சின்ன வண்டிகள். இரண்டின் எடையும் ஒரு டன்னை ஒட்டித்தான். எம்.ஜி.பி. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஏபிங்டனில் ஐந்து லட்சத்துக்கு மேல் தயாரானது. எம்எக்ஸ்-5 1989-இல் வந்தது. அந்த வகைப் பழைய ரோட்ஸ்டர்களை மனதில் வைத்தே வரைந்தது.

தப்பு வருவது முடிவெடுக்கும் விதத்தில். சர்வீஸ் புத்தகத்தைப் பார், டெஸ்ட் டிரைவ் போ, வங்கியில் பணம் ஏறிய பிறகு சாவியைக் கொடு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடலாம். தெரிந்தவர்களே திரும்பத் திரும்பச் செய்கிற தவறுகள் வேறு.

பழுதை வண்டியின் குணம் என்று எண்ணுவது

இருப்பதிலேயே விலை கூடிய தவறு இதுதான். பார்க்கப் பார்க்க எரிச்சல் வருவதும் இதில்தான்.

"ஸ்டீயரிங் கல் மாதிரி இருக்கிறது. வளைவில் மிதக்கிறது. சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆவதில்லை. 60 மைலுக்கு மேல் உதறுகிறது. பழைய வண்டி என்றால் அப்படித்தான் போல." இதைச் சொல்லிவிட்டு நேராக ஷோரூமுக்குப் போய், எல்லாம் சரியாக இருக்கிற புது வண்டியை இருபது நிமிடம் ஓட்டிப் பார்த்து, ஒப்பிட்டு முடிவெடுக்கிறார்கள். 1970-இல் இந்த வண்டியை வாங்கியவர் இத்தனையையும் சகித்துக்கொண்டா ஓட்டினார்? அந்தப் புகார்களில் ஒன்றுகூட எம்.ஜி.பி.யின் குணம் கிடையாது. ஒவ்வொன்றும் ஒரு பழுது, ஒவ்வொன்றுக்கும் தெரிந்த வைத்தியம் இருக்கிறது.

ஸ்டீயரிங்கிலிருந்து தொடங்கலாம். முன்சக்கரம் திரும்பும் கிங்பின் ஒவ்வொன்றிலும் மூன்று கிரீஸ் நிப்பிள்கள் இருக்கின்றன. 3,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும். நவீன வண்டிகளில் இப்படி ஒன்று இல்லாததால் பொதுப் பட்டறைகளில் இதைத் தொடுவதே இல்லை. அடித்தாலும் சக்கரம் தரையில் நிற்கும்போதே அடிப்பார்கள். பாரம் தாங்கும் பக்கத்துக்கு கிரீஸ் போகாது. ஜாக்கி வைத்து, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரம் தொங்கும் நிலையில் அடிக்க வேண்டும். பழைய கிரீஸ் கறுப்பாகப் பிதுங்கி, பின்னால் புதுசு வெளியே வரும்வரை நிறுத்தக் கூடாது. பல வண்டிகளில் இது ஒன்றிலேயே ஸ்டீயரிங் லேசாகிவிடும். ஆகாவிட்டால் கிங்பின் இறுகியிருக்கிறது என்று அர்த்தம். கழற்றிச் செப்பனிட வேண்டும்.

அடுத்து டயர். பக்கவாட்டில் டி.ஓ.டி. எழுத்துகளின் கடைசியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2309 என்றால் 2009-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் தேயாமல் புதுசு மாதிரிதான் இருக்கும், ஆனால் ரப்பர் மரக்கட்டையாகியிருக்கும். பத்து வயது தாண்டிய டயரில் எந்த வண்டியையும் எடைபோட முடியாது. காற்றிலும் இதே கதை. ரேடியல் டயர் போட்ட ரோட்ஸ்டருக்குக் கையேடு சொல்வது முன்னால் 21, பின்னால் 24 பி.எஸ்.ஐ. பட்டறைப் பையன் பழக்கதோஷத்தில் நாலுக்கும் 32 அடித்து அனுப்பிவிடுவான். பிறகு அது குதிக்காமல் என்ன செய்யும்?

வளைவில் மிதப்பதற்கு டேம்பரை (ஷாக் அப்சார்பர்) பாருங்கள். எம்.ஜி.பி.யில் இருப்பது எண்ணெய் நிரம்பிய ஆம்ஸ்ட்ராங் லீவர் டேம்பர். முன்பக்கத்தில் அதன் கைதான் சஸ்பென்ஷனின் மேல் ஆர்ம். எனவே அது ஆடினால் சக்கரமே ஆடும். முன் மூலையை அழுத்தி விடுங்கள். ஒன்றரை ஆட்டத்தில் நிற்க வேண்டும். மூன்று முறை ஆடினால் எண்ணெய் ஒழுகிப் போயிருக்கிறது. செப்பனிட்ட டேம்பரைப் பழையதைக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். கையோடு சஸ்பென்ஷனின் கீழ் ஆர்மில் (விஷ்போன்) இருக்கும் ரப்பர் புஷ்களையும் எம்.ஜி.பி. ஜி.டி. வி8 மாடலுக்கு வந்த உலோகம் ஒட்டிய வகைக்கு மாற்றிவிடுங்கள், அற்பச் செலவு.

1974 கடைசியில் வந்த கறுப்பு ரப்பர் பம்பர் வண்டிக்கு இன்னொரு விஷயம். அமெரிக்க விதிக்காக உயரத்தை ஒன்றரை அங்குலம் கூட்டிய கையோடு, ரோட்ஸ்டரில் வளைவில் சாய்வதைக் குறைக்கும் முன்பக்கக் கம்பியான ஆன்டி-ரோல் பாரையும் எடுத்துவிட்டார்கள். 1977 மாடலில்தான் அது திரும்பி வந்தது. இடைப்பட்ட வண்டி வளைவில் சாய்வதற்குக் காரணம் தொழிற்சாலையின் சிக்கனம். பாரை வாங்கிப் பூட்டினால் தீர்ந்தது.

இன்ஜினுக்கு வந்தால், எல்லோரும் முதலில் கை வைப்பது இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டரில். அதுதான் கடைசியில் தொட வேண்டியது. வரிசை இப்படி:

1. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது டாப்பெட் (வால்வு) இடைவெளி 0.015 அங்குலம்.
2. பிளக் 0.025 அங்குலம், டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் 0.014 முதல் 0.016 அங்குலம்.
3. வேக்குவம் அட்வான்ஸ். குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் தட்டு நகர்ந்து, நாக்கால் அடைத்தால் அப்படியே நிற்க வேண்டும். நகரவில்லை என்றால் உள்ளே சவ்வு கிழிந்திருக்கிறது.
4. ஸ்ட்ரோப் விளக்கு வைத்து டைமிங், அதாவது பிளக் பொறி விடும் நேரம்.
5. அதற்கு அப்புறம்தான் கார்புரேட்டர்.

முதலில் இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு காற்றை இழுக்கும்படி சமன்செய்யுங்கள். கருவி இல்லாவிட்டால் ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டரின் வாயருகிலும் வைத்து இரைச்சலை ஒப்பிட்டாலே போதும். பிறகு மிக்ஸ்சர், அதாவது பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவு. ஒரு கார்புரேட்டரின் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்குள் உயர்த்துங்கள். இன்ஜின் சுற்று ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். விழுந்து இன்ஜின் நிற்கப் பார்த்தால் குறைவு. ஒரு கணம் லேசாக ஏறிப் பழையபடி அமர்ந்தால் சரி. மேல்மூடியைத் திருகி எடுத்து, உள்ளே 20 கிரேடு எண்ணெய் இருக்கிறதா என்றும் பாருங்கள். வறண்டிருந்தால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் வண்டி விக்கும்.

பெட்ரோல் 2021 செப்டம்பரிலிருந்து பிரிட்டனில் சாதாரணமாக இ10, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாய்களை எத்தனால் அரிக்கும். எத்தனால் குறைவான சூப்பர் கிரேடு இ5 ஊற்றுங்கள், குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். காலடி கொதிக்கிறது என்பவர்கள் ஹீட்டர் வால்வு முழுசாக மூடுகிறதா என்று பார்த்தாலே பாதிப் பிரச்சினை அடங்கும்.

இத்தனையும் பட்டறையில் கொடுத்தே செய்துகொள்ளலாம். இதைச் செய்யாமல் வண்டியை விற்றவர் இரண்டு முறை இழக்கிறார்: சரியாக ஓடாத வண்டிக்கு விலை குறைகிறது, விற்ற வண்டி எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியாமலே போகிறது. வாங்கியவர் டயரையும் டேம்பரையும் மாற்றி, டைமிங்கைத் திருத்தி, அடுத்த மாதமே அதே ஊரில் சிரித்துக்கொண்டு ஓட்டுவார். அதைப் பார்த்துவிட்டு "என்னிடம் இருந்தபோது இப்படி இல்லையே" என்று அங்கலாய்ப்பவர்களுக்குக் குறைச்சலே இல்லை.

எனவே முதலில் சரிசெய்யுங்கள். 500 மைல் ஓட்டுங்கள். பிறகு ஒரே நாளில், ஒரே சாலையில் இரண்டு வண்டியையும் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் எம்எக்ஸ்-5தான் பிடிக்கிறது என்றால் தாராளமாக மாற்றுங்கள்.

ஷோரூமிலேயே பழசைக் கொடுப்பது

புது வண்டி விற்பவருக்கு உங்கள் எம்.ஜி.பி. வேண்டாம். அவர் சொல்லும் விலை, மறுவாரம் அதை ஏலத்துக்கு அனுப்பினால் கையைக் கடிக்காத விலை. தனியாக விற்றுவிட்டுப் பணத்தோடு போங்கள்.

பெயின்ட்டைப் பார்த்து விலை நிர்ணயிப்பது

கதவுக்குக் கீழே ஓடும் சில்தான் எம்.ஜி.பி.யின் முதுகெலும்பு. வெளித்தகடு, உள்தகடு, அடியில் காசில் ரெயில், நடுவே ஒரு சவ்வுத் தகடு என்று அடுக்கடுக்காக இருக்கும். ரோட்ஸ்டரில் கூரை இல்லாததால் வண்டி வளையாமல் பிடித்துக்கொள்வதும் அதுதான். உள்ளிருந்து துருப்பிடித்தால் வெளியே ஒன்றும் தெரியாது. பழைய சில்லின் மேலேயே புதுத் தகட்டை ஒட்டி, பெயின்ட் அடித்து விற்ற வண்டிகள் நிறைய உண்டு.

சோதனை எளிது. கதவை மூடி, கதவின் பின்விளிம்பில் மேலும் கீழும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். வண்டியின் ஜாக்கிப் புள்ளியில் தூக்குங்கள். அந்த இடைவெளி மாறினாலோ கதவு திறக்க முரண்டு பிடித்தாலோ சில் போய்விட்டது. தூக்கும்போது கறமுற என்று சத்தம் கேட்டால் உடனே இறக்கிவிடுங்கள்.

சில் நன்றாக இருந்தால் அதைப் படம் எடுத்து விளம்பரத்தில் போடுங்கள். குரோம் படத்தைவிட அதற்குத்தான் மதிப்பு. போயிருந்தால், விற்பதற்காக அதை மாற்றாதீர்கள். இரண்டு பக்கமும் வெட்டி, வெல்டிங் செய்து, பெயின்ட் அடிக்க ஆயிரக்கணக்கில் ஆகும். அந்தப் பணம் விற்பனையில் திரும்பாது. இருக்கிறதை இருக்கிறபடி சொல்லி, குறைந்த விலைக்குக் கொடுங்கள்.

நவம்பரில் விற்பது

வேண்டாம். கூரை திறக்கும் வண்டியைக் குளிரில் யார் தேடுவார்கள்? ஏப்ரல் வரை பொறுங்கள்.

குதிரைத்திறன் பட்டியலைப் பார்த்து வாங்குவது

எம்.ஜி.பி.யின் 1,798 சி.சி. இன்ஜின் 95 குதிரைத்திறனை ஒட்டித் தரும்; 60 மைல் வேகத்தைத் தொடப் பன்னிரண்டு விநாடி பிடிக்கும். 2015-இல் வந்த நான்காம் தலைமுறை எம்எக்ஸ்-5, 1.5 லிட்டரில் 131, 2 லிட்டரில் முதலில் 160, 2018 மாற்றத்துக்குப் பின் 184. பட்டியலைப் பார்த்ததும் கை 184-க்குத்தான் போகும். ஆனால் பிரிட்டனில் நடுத்தடுப்பு இல்லாத ஒற்றைச் சாலையின் உச்ச வரம்பு 60 மைல். எம்.ஜி.பி.யில் 45 மைல் வேகத்திலேயே மும்முரமாக வேலை செய்துகொண்டிருப்பவருக்கு, 184 உள்ள வண்டியில் மூன்றாம் கியர் முழுசாக விரிவதற்குள் வரம்பு வந்துவிடும். எம்.ஜி.பி.யிலிருந்து வருபவருக்கு 1.5 லிட்டர்தான் பொருத்தம்: இலகுவானது, 7,500 சுற்று வரை விரட்டலாம், மலிவும்கூட.

உயரமானவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எம்.ஜி.பி.யில் கால் நீட்ட நல்ல இடம். எம்எக்ஸ்-5 அப்படி அல்ல. ஸ்டீயரிங்கை முன்னால் இழுக்கும் வசதியும் 2018 மாற்றத்தில்தான் வந்தது. கூரையை மூடிக்கொண்டு அரைமணி நேரமாவது உட்கார்ந்து பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஜப்பான் வண்டி, துருப்பிடிக்காது என்று நினைப்பது

முதல் தலைமுறையில் கூரையின் மழைநீர் வடிகால் அடைத்துக்கொண்டு பின் சில் உள்ளிருந்து அழுகும். இரண்டாம் தலைமுறையில் முன்பக்கச் சேஸிஸ் ரெயில். பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், கழற்றாமல் தெரியாது. மூன்றாவதில் சஸ்பென்ஷன் போல்ட்கள் துருவில் இறுகி, வீல் அலைன்மென்ட்டே செய்ய முடியாமல் போகும். நான்காவதின் தொடக்க வருட வண்டிகளில் கியர்பாக்ஸ்தான் தலைவலி. இரண்டாம் கியரில் இரைச்சலோ வழுக்கலோ இருந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

லண்டன்காரர்களுக்கு ஒரு வேடிக்கை. 40 வயது தாண்டி வரலாற்று வாகனமாகப் பதிவான எம்.ஜி.பி.க்குச் சாலை வரி இல்லை, மாசு அதிகம் விடும் வண்டிகளுக்கு லண்டன் விதிக்கும் யூலெஸ் கட்டணமும் இல்லை. 1990-களின் எம்எக்ஸ்-5 பெரும்பாலும் யூரோ 4 என்ற புகைத் தரத்தை எட்டாது, 40 வயதும் ஆகவில்லை. எட்டாவிட்டால் அதில் ஓட்டும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு கட்ட வேண்டும்.

கேரேஜை அளக்காமல் வாங்குவது

நீளம் இரண்டுக்கும் 3.9 மீட்டரை ஒட்டித்தான். அகலம் எம்.ஜி.பி. 1.52, புது எம்எக்ஸ்-5 1.735, கண்ணாடிகளோடு 1.9-க்கு மேல். ஏழு அடிக் கதவில் உள்ளே போகும். போன பிறகு நீங்கள் எப்படி இறங்குவீர்கள் என்று யோசியுங்கள்.

நம்பர் பிளேட்

பழைய எண்ணுக்குத் தனி மதிப்பு இருக்கலாம். வைத்துக்கொள்ள வேண்டுமானால் விற்பதற்கு முன்பே விண்ணப்பியுங்கள்; வண்டியோடு போய்விட்டால் அது வாங்கியவருடையது.

இன்ஷூரன்ஸைக் கடைசியில் விசாரிப்பது

கிளாசிக் பாலிசி மலிவு. காரணம் குறைந்த மைல், முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பு. ஆனால் அப்படிப்பட்ட பல பாலிசிகளில், இழப்பீடு கேட்காத வருடங்களுக்குக் கிடைக்கும் நோ-கிளெய்ம் தள்ளுபடி சேராது. பத்து வருடம் விபத்தே இல்லாமல் ஓட்டியவரும் நவீன வண்டிக்குப் போகும்போது பூஜ்யத்திலிருந்து தொடங்க நேரும். வேறொரு காரில் சேர்த்து வைத்த தள்ளுபடியும் பயன்படுத்தாமல் இரண்டு வருடம் கிடந்தால் பெரும்பாலான கம்பெனிகள் ஏற்பதில்லை. வண்டியைப் பிடிக்குமுன் விலை கேட்டு வையுங்கள்.

மாற்ற வேண்டியவர் மாற்றாமல் இருப்பது

மேலே சொன்னதையெல்லாம் படித்துவிட்டு "அப்போ பழசையே வைத்துக்கொள்வோம்" என்று எல்லோரும் முடிவெடுக்க வேண்டியதில்லை. எம்.ஜி.பி.யில் ஏர்பேக் இல்லை, ஏ.பி.எஸ். இல்லை, மோதினால் ஸ்டீயரிங்குக்கும் உங்கள் மார்புக்கும் நடுவே பெல்ட் ஒன்றுதான். தினமும் மோட்டார்வேயில் லாரிகளுக்கு நடுவே போகிறவர், உப்புத் தூவிய குளிர்காலச் சாலையிலும் எடுத்தாக வேண்டியவர், பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பள்ளியில் விடுகிறவர் மாற்றத்தான் வேண்டும். கிரீஸ் துப்பாக்கியைத் தொடப் பிடிக்காது, தொட்டுத் தர நம்பகமான மெக்கானிக்கும் பக்கத்தில் கிடையாது என்பவரும் அப்படியே. நல்ல சில், ஆவணங்கள், சரியாக ஓடும் இன்ஜின் இவற்றோடு வசந்தத்தில் விளம்பரம் போட்டால் வாங்க ஆள் வரும்.