தாத்தா ஆயாவுக்கு ஒரு மெலடி: முதல் பாட்டை நீங்களே எழுதி மெட்டமைக்க

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் 50-வது கல்யாண நாள் என்றால் ஹால், பிரியாணி, பழைய சினிமாப் பாட்டு எல்லாம் தயாராக இருக்கும். பேரப்பிள்ளைகள் சொந்தமாக ஒரு பாட்டுப் பாட நினைத்தால் கிட்டார் அல்லது கீபோர்டு, போனில் ஒரு மெட்ரோனோம் (சீராகத் தாளம் தட்டும்) ஆப், இரண்டு மூன்று வார இறுதிகள் போதும்.

1. ஒரு அரைமணி நேரத்தைப் பிடியுங்கள்
"காலம் பொன்னானது" என்று தொடங்காதீர்கள். அந்த வரி எந்த வீட்டுக்கும் பொருந்தும், உங்கள் தாத்தா அதில் இருக்க மாட்டார். ஞாயிறு மதியம், சாப்பாடு முடிந்தும் யாரும் எழுந்து போகாத அந்த அரைமணியை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது கண்ணில் படுவதும் காதில் விழுவதுமாக 10 விஷயம் எழுதி, 3 மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

2. பல்லவி முதலில்
இரண்டே வரி, பேச்சுச் சொற்கள். தமிழைக் காதால் மட்டுமே அறிந்த பிள்ளைகளும் இரண்டாம் முறை சேர்ந்து பாட வேண்டும். உதாரணத்துக்கு:

கடிகாரம் போகட்டும், இரு நீ
கையில் டீயும் ஆறட்டும், இரு நீ

3. குறிலை இழுக்காதீர்கள்
புதிதாக எழுதுகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். நீண்ட ஸ்வரம் வரும் இடத்தில் நெடில் எழுத்து வேண்டும். "ஆயா மடி" என்பதில் 'ம'வை இரண்டு தட்டுக்கு இழுத்தால் கேட்பவர் காதில் "ஆயா மாடி" என்று விழும். மேலே உள்ள வரிகளை "நீ இரு" என்று முடித்திருந்தால் கடைசி 'ரு'வை நீட்ட வழியில்லை. "இரு நீ" என்று திருப்பியதால் 'நீ'யில் நான்கு தட்டு நிற்கலாம். முதலில் மெட்டை "லா லா" என்று பாடி, நீளும் இடங்களில் கோடு போடுங்கள். பிறகு அந்தக் கோட்டின் மேல் நெடில் உட்காரும்படி சொல்லை மாற்றுங்கள்.

4. கார்டுகள்
கார்டு (chord) என்பது சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்கள். சரணத்துக்கு ஜி, டி, இ மைனர், சி. பல்லவிக்கு இ மைனர், சி, ஜி, டி. ஒவ்வொன்றும் ஒரு பார், அதாவது 4 தட்டு. சரணத்தின் டி கார்டில் பாஸை, அதாவது அடி ஸ்வரத்தை, எஃப் ஷார்ப்பில் வைத்தால் ஜி, எஃப் ஷார்ப், இ என்று படியாக இறங்கும். மெலடியின் உருக்கத்தில் பாதி அந்த இறக்கத்தில்தான் இருக்கிறது.

5. அளவு
மெட்ரோனோம் நிமிடத்துக்கு 72 தட்டு. முன்னிசை 4 பார், சரணம் 12, பல்லவி 8, சரணம் 12, பல்லவி 8, இடையிசை 4, பல்லவி 8, பின்னிசை 4. மொத்தம் 60 பார், சரியாக 3 நிமிடம் 20 விநாடி. பல்லவி வந்ததும் உற்சாகத்தில் வேகம் கூடும். ஆப்பை நிறுத்தாமலே பழகுங்கள்.

கடைசிப் பல்லவியில் சுருதியை ஏற்றும் சினிமா வித்தை வேண்டாம், தொண்டை உடையும். முதல் வரியை வாத்தியம் இல்லாமல் பாடி, இரண்டாவதில் எல்லாரும் சேருங்கள். அந்த ஏற்றம் இதிலேயே கிடைக்கும்.

6. சுருதி
பல்லவியின் உச்ச ஸ்வரம் உங்களால் எட்ட முடிந்ததைவிட இரண்டு அரைச்சுரம் (கீபோர்டில் கறுப்பும் சேர்த்து இரண்டு கட்டை) கீழே இருக்கட்டும். மேடைப் பதற்றத்தில் அந்த இடைவெளி தேவைப்படும். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டன் போதும். கிட்டாரில் கேப்போ (கழுத்தில் தந்திகளை அழுத்தும் கிளிப்) சுருதியை ஏற்றத்தான் செய்யும். இறக்க வேண்டுமானால் கார்டுகளையே மாற்றுங்கள்: மூன்று அரைச்சுரம் இறக்கினால் ஜி, டி, இ மைனர், சி என்பது இ, பி, சி ஷார்ப் மைனர், ஏ ஆகும். பி கார்டுக்கு விரல் பழக நாளாகும், அதனால் சுருதியை முதல் வாரமே முடிவு செய்யுங்கள்.

7. போனில் பதிவு
துணி நிறைந்த அலமாரியைத் திறந்து, அதற்கு முதுகு காட்டி நின்று பாடுங்கள்; எதிரொலி குறையும். போன் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். நேர் எதிரே வைத்தால் 'ப' வரும் இடமெல்லாம் காற்று மோதும். மெட்ரோனோமை ஹெட்போனில் மட்டும் கேளுங்கள், ஸ்பீக்கரில் விட்டால் அந்த டிக் டிக் குரலோடு பதிவாகிவிடும், பிறகு பிரிக்க முடியாது. டர்பன் ஈரக்காற்றில் கிட்டார் சுருதி நகரும், ஒவ்வொரு டேக்குக்கு முன்பும் ட்யூன் பாருங்கள்.