ஐரோப்பாவில் தேசங்கள் உருவான வரலாற்றை எப்படிப் படிப்பது?

தேசியவாதம், தாராளவாதம் என்று பாடம் தொடங்கியதும் பலர் ஆண்டுகளை மனப்பாடம் செய்ய உட்கார்ந்துவிடுகிறார்கள். 1789, 1815, 1830, 1848, 1871. ஆண்டுகள் வேண்டும்தான், ஆனால் அதற்கு முன்னால் இரண்டு கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இங்கே 'நம் மக்கள்' என்று யாரைச் சொல்கிறார்கள்? ஆள்பவருடைய அதிகாரத்துக்கு யார் வரம்பு போடுகிறார்கள்? முதல் கேள்வி தேசியவாதத்தின் கேள்வி, இரண்டாவது தாராளவாதத்தின் கேள்வி. ஒவ்வொரு நிகழ்வுக்கும் இரண்டு பதிலையும் எழுதிக்கொண்டே போனால், இரண்டும் எங்கே சேர்ந்து நடந்தன, எங்கே ஒன்று இன்னொன்றைக் கைவிட்டது என்பது தெரிய ஆரம்பிக்கும்.

பிரான்சில் தொடங்குங்கள். 1789 ஜூன் 17 அன்று மூன்றாம் வகுப்பின், அதாவது மதகுருமாரும் பிரபுக்களும் அல்லாத பொதுமக்களின், பிரதிநிதிகள் தங்களைத் தேசிய சபை என்று அறிவித்தார்கள். அந்த ஆகஸ்டில் வந்த மனித உரிமைப் பிரகடனம், இறையாண்மை தேசத்திடம்தான் இருக்கிறது என்றது. அரசனிடமிருந்த அதிகாரம் தேசத்துக்குப் போகிறது, ஆக இரண்டு கேள்விக்கும் ஒரே பதில். பல புத்தகங்கள் இங்கேயே திருப்தியாகிவிடுகின்றன, நீங்கள் இன்னும் கொஞ்சம் தோண்டுங்கள். 1791 அரசியலமைப்பில் வாக்கு யாருக்கு? 25 வயதான, குறைந்தது மூன்று நாள் கூலிக்கு ஈடான நேரடி வரி கட்டிய ஆண்களுக்கு மட்டும். அதே ஆண்டு பெண்களுக்கும் உரிமைப் பிரகடனம் எழுதிய ஒலாம்ப் தெ கூஜ் 1793-இல் கில்லட்டினில் கொல்லப்பட்டார், பிரெஞ்சுப் பெண்களுக்கு வாக்குரிமை 1944-இல்தான் கிடைத்தது. கரீபியனில் இருந்த பிரெஞ்சுக் காலனியான சான் தொமாங்கில் அடிமைகள் 1791-இல் கிளர்ந்தெழுந்தார்கள், 1794-இல் பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்தது, 1802-இல் நெப்போலியன் அதைத் திரும்பக் கொண்டுவரும் சட்டத்தைப் போட்டார், 1804-இல் அந்தக் காலனி ஹைட்டி என்ற சுதந்திர நாடானது. இதை ஐரோப்பாவுக்கு வெளியே நடந்த தனிக்கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள், 'நம் மக்கள்' என்ற கேள்வி அங்கேதான் மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்டது.

நெப்போலியனின் 1804 சட்டத் தொகுப்பு, 1815 வியன்னா மாநாடு, பழைய அரச குடும்பங்களை மீண்டும் உட்காரவைக்க ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிக் செய்த வேலைகள், 1830-இல் நெதர்லாந்திலிருந்து பெல்ஜியம் பிரிந்தது, இவற்றையெல்லாம் முதல் சுற்றில் வேகமாகக் கடந்துவிடலாம். ஆனால் 1834-இல் ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் தலைமையில் தொடங்கிய சுங்க ஒன்றியத்தைத் தாண்டிப் போகாதீர்கள். ஜெர்மன் கூட்டமைப்பில் 39 அரசுகள் இருந்தன, எல்லைக்கு எல்லை சுங்கம், இடத்துக்கு இடம் வேறு எடை, வேறு நாணயம். ஒரே தேசம் வேண்டும் என்ற குரலுக்குப் பின்னால் கவிஞர்களும் மாணவர்களும் மட்டுமல்ல, சரக்கு அனுப்பி நொந்துபோன வணிகர்களும் இருந்தார்கள்.

அப்புறம் 1848, ஐரோப்பாவின் பல நாடுகளில் புரட்சி வெடித்த ஆண்டு. இருக்கும் நேரத்தில் பாதியை இதற்கே கொடுங்கள் என்பேன். மே 18 அன்று பிராங்க்பர்ட்டின் புனித பால் தேவாலயத்தில் கூடிய, ஜெர்மன் அரசுகள் அனைத்துக்குமான நாடாளுமன்றத்தில் படித்த நடுத்தர வர்க்கத்தினரே அதிகம், வழக்கறிஞர்கள், பேராசிரியர்கள், அதிகாரிகள். பெண்கள் பார்வையாளர் மாடத்தில் மட்டும். பேச்சுரிமை, சட்டத்தின் முன் சமத்துவம் என்று அருமையான அடிப்படை உரிமைகளை எழுதிய அதே சபை, போலந்து மக்கள் பெருமளவில் வாழ்ந்த போசன் பகுதியின் பெரும்பங்கை ஜெர்மனியோடு சேர்க்க வாக்களித்தது. அதே காலத்தில் ஹங்கேரியில் கோசுத் தலைமையிலானவர்கள் தங்களை ஆண்ட ஆஸ்திரியப் பேரரசின் தலைநகரான வியன்னாவிடம் தன்னாட்சி கேட்டார்கள், ஆனால் தங்கள் எல்லைக்குள் வாழ்ந்த குரோஷியர்களும் ருமேனியர்களும் அதையே கேட்டபோது கொடுக்க மனம் வரவில்லை. எனக்கு இந்தப் பாடம் முழுவதிலும் மனதை உறுத்துகிற இடம் இதுதான். தனக்கு உரிமையாகத் தெரிவது பக்கத்தில் இருப்பவர் கேட்டால் பிரிவினையாகத் தெரிகிறது. 1849-இல் பிராங்க்பர்ட் சபை நீட்டிய ஜெர்மன் பேரரசர் மகுடத்தைப் பிரஷ்ய அரசர் நான்காம் பிரெடெரிக் வில்லியம் மறுத்தார், மக்கள் பிரதிநிதிகள் கொடுக்கிற மகுடம் அவருக்கு வேண்டாம்.

பிரதிநிதிகளால் முடியாததைப் பிரஷ்யப் பிரதமர் பிஸ்மார்க் டென்மார்க், ஆஸ்திரியா, பிரான்ஸ் ஆகியவற்றோடு நடத்திய மூன்று போர்களால் முடித்தார். 1871 ஜனவரி 18 அன்று வெர்சாய் அரண்மனையில் ஜெர்மன் பேரரசு அறிவிக்கப்பட்டது. இப்போது தாளை எடுங்கள். முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. இரண்டாவதற்கு? நாடாளுமன்றத் தேர்தலில் 25 வயதான ஆண்களுக்கு வாக்கு உண்டு, ஆனால் அரசாங்கத் தலைவரான சான்சலரை நியமிப்பதும் நீக்குவதும் பேரரசர். பிரஷ்யாவிலோ வரி கட்டும் அளவைப் பார்த்து வாக்கின் எடையை நிர்ணயித்த மூன்று வகுப்பு முறை 1918 வரை இருந்தது.

இத்தாலியை நீங்களே செய்து பாருங்கள், நான் பதில் சொல்லப்போவதில்லை. மாட்சினி 1831-இல் இளம் இத்தாலி அமைப்பைத் தொடங்கியது குடியரசுக் கனவோடு. கவூர் வட இத்தாலியிலிருந்த பியட்மான்ட் அரசரின் பிரதமர். குடியரசுவாதியான கரிபால்டி 1860-இல் சிசிலியையும் தெற்கையும் பிடித்து, அதை அந்தப் பியட்மான்ட் அரசர் விக்டர் இம்மானுவேலிடம் ஒப்படைத்தார். 1861-இல் பிறந்த இத்தாலிய முடியாட்சியில் வாக்குரிமை இருந்தது மக்கள்தொகையில் சுமார் 2 சதவீதத்தினருக்கு. தெற்கில் கிளர்ச்சி வெடித்தபோது அதை அடக்கப் புதிய அரசு ராணுவத்தை அனுப்பியது. இரண்டு கேள்விகளுக்கும் மாட்சினி என்ன எழுதியிருப்பார், கவூர் என்ன எழுதியிருப்பார், ஒரு சிசிலி விவசாயி என்ன சொல்லியிருப்பார் என்று மூன்று பதில்களைத் தனித்தனியாக எழுதுங்கள்.