பைண்டிங் உள்ள கிட்டாரில் ஃப்ரெட் தேய்க்கும்போது

கம்பிகளைக் கழற்றி, நெக்கினுள் (கிட்டாரின் கழுத்து) இருக்கும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடைத் திருகி நெக்கை நேராக்குங்கள். இது சரியில்லை என்றால் மற்றதெல்லாம் வீண். ஃப்ரெட் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) உச்சிகளில் மார்க்கர் மை பூசி, 320 கிரிட் உப்புத்தாள் ஒட்டிய நேரான கட்டையால் நீளவாக்கில் தேயுங்கள். எல்லாவற்றிலும் மை போனதும் நிறுத்துங்கள். அதற்கு மேல் ஒரு இழுப்புகூட வேண்டாம். அப்புறம் மீண்டும் மை பூசி, உச்சியை உருட்டாக்கும் கிரௌனிங் அரத்தால் வளைவு கொடுங்கள். உச்சியில் நூல் போல மைக்கோடு எஞ்சினால் போதும்.

ஓரத்தில்தான் வம்பே. பைண்டிங், அதாவது நெக்கின் ஓரத்தில் ஒட்டிய மெல்லிய பட்டி, பெரும்பாலும் பிளாஸ்டிக். அரம் ஒருமுறை வழுக்கினாலே கீறல் விழும். இரண்டு அடுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு ஃப்ரெட் முனைகளைச் சீவுங்கள், அரம் டேப்பைத் தொட்டதும் அரத்தை எடுத்துவிடுங்கள். சில கிப்சன் கிட்டார்களில் பைண்டிங்கே ஃப்ரெட் முனையில் சிறு மேடாக ஏறியிருக்கும். அங்கே முனையைச் சீவவே வேண்டாம், மெருகேற்றினால் போதும்.