ஹனிமூன் கப்பலில் முதல் நாள்: சூட்கேஸ் வராமல் தவித்தவள் எழுதும் செய்முறை

மிதக்கிற பொருளில் எனக்குத் தெரிந்த பெரியது எங்கள் மதுரை மாரியம்மன் தெப்பக்குளத்துத் தெப்பம்தான். தைப்பூசத்தன்று கரையில் நின்று வடம் பிடித்தால் அசைந்து அசைந்து மைய மண்டபத்தைச் சுற்றி வரும். அந்த அனுபவத்தை மட்டும் வைத்துக்கொண்டு சிங்கப்பூரில் போய்க் கப்பல் ஏறினேன், கல்யாணமான பதினேழாம் நாள். சிங்கப்பூர், பினாங்கு, புக்கெட், திரும்பவும் சிங்கப்பூர். நாலு ராத்திரி. மற்ற நாளெல்லாம் தானாக ஓடிவிட்டது, முதல் நாள்தான் எங்களைப் படுத்தி எடுத்தது. அதனால் இந்தப் பதிவு முதல் நாளுக்கு மட்டும். எந்தக் கப்பல் நல்லது, எவ்வளவு செலவு என்பதெல்லாம் வேறு இடத்தில் தேடிக்கொள்ளுங்கள்.

1. முந்தின நாளே போய் இறங்குங்கள்

மதுரையிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானமே கிடைத்தாலும் கப்பல் கிளம்புகிற அன்றைக்கே பறக்காதீர்கள். ரயில் என்றால் பாண்டியனை விட்டால் பின்னாலேயே நெல்லையைப் பிடிக்கலாம். கப்பலை விட்டால் விட்டதுதான்.

புதுசாகக் கல்யாணமானவர்களுக்கு இன்னொன்று. பத்திரிகையில் என்ன பெயர் போட்டிருந்தாலும் சரி, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் இருந்தால் கப்பல் டிக்கெட்டிலும் அப்பா பெயர்தான். ஆசையாக வீட்டுக்காரர் பெயரைச் சேர்த்துவிடாதீர்கள். சிங்கப்பூர் விசா பலமுறை நுழைய அனுமதிக்கிறதா என்றும் பாருங்கள். கப்பலில் போய்விட்டுத் திரும்புவது இன்னொரு நுழைவு. வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் இணையத்தில் இலவசமாகவே நிரப்பலாம்.

2. கைப்பை (இதை இரண்டு தடவை படியுங்கள்)

டெர்மினலில் நுழைந்ததுமே பெரிய பெட்டிகளை வாங்கி, அறை எண் போட்ட அட்டையைக் கட்டி உள்ளே அனுப்பிவிடுவார்கள். விமானத்தில் இறங்கியதும் பெட்டி வருகிற மாதிரி இதுவும் உடனே வரும் என்று நினைத்தேன். வராது. ஆயிரக்கணக்கான பெட்டிகளை ஸ்கேன் செய்து, மாடி மாடியாகப் பிரித்து, அறை வாசலில் கொண்டுவந்து வைக்க சாயங்காலமோ ராத்திரியோ ஆகிவிடும்.

எங்களுக்கு நடந்தது அதைவிட மோசம். அவர் பெட்டி ஏழு மணிக்கு வாசலில் நின்றது. என் பெட்டி எட்டுக்கும் வரவில்லை, ஒன்பதுக்கும் வரவில்லை. காலையில் ஓட்டலில் போட்ட சுடிதாரோடு, வியர்வை காய்ந்த முதுகோடு, டின்னருக்குப் போய் உட்கார்ந்தேன். பக்கத்து மேஜையில் எல்லோரும் பளபளவென்று இருந்தார்கள். அவர் பாவம், "உனக்கு எது போட்டாலும் நல்லாத்தான் இருக்கு" என்றார். அந்த நேரத்தில் சொல்ல வேண்டிய வசனமா அது?

பத்து மணிக்கு அறை போன் அடித்தது. செக்யூரிட்டி பிரிவுக்கு வரச் சொன்னார்கள். கீழ்த்தளத்தில் ஒரு சின்ன அறை. என் பெட்டி ஒரு மேஜை மேல் இருந்தது. திறக்கச் சொன்னார்கள். பட்டுப் புடவைக்கும் டவலுக்கும் நடுவே, எனக்கே தெரியாமல், ஒரு எலக்ட்ரிக் கெட்டில்! உள்ளே காபித்தூள் பாக்கெட், சர்க்கரை, ஒரு டபரா செட். அம்மா வேலை. ஊருக்குப் போன் போட்டால், "மாப்பிள்ளைக்கு எந்திரிச்சதும் காபி வேணும்லடி" என்கிறாள்.

விமானத்தில் செக்-இன் பெட்டிக்குள் கெட்டில் போகலாம். கப்பலில் போகாது. இஸ்திரிப் பெட்டி, கெட்டில், ரைஸ் குக்கர், இண்டக்‌ஷன் அடுப்பு என்று எதுவுமே ஆகாது. மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, கற்பூரமும் அப்படித்தான். கப்பல்காரர்கள் புயலைவிடப் பயப்படுவது தீக்குத்தான். நடுக்கடலில் தீப்பிடித்தால் ஓட இடம் கிடையாது. ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள், கடைசி நாள் திருப்பித் தருவதாக. எனக்கு அதில் கோபமில்லை. ஒன்பது மணி நேரம் மாற்றுத்துணி இல்லாமல் இருந்ததில்தான் கோபம்.

ஆகவே செய்ய வேண்டியது: உங்கள் பெட்டியை நீங்களே அடுக்குங்கள். அம்மா, அத்தை, சித்தி யார் வந்து "நான் மடிச்சுத் தரேன்" என்றாலும் அன்போடு காபி கொடுத்து உட்கார வையுங்கள். பூட்டுவதற்கு முன் ஒருதரம் முழுக்கக் கவிழ்த்துப் பாருங்கள்.

முதுகில் மாட்டுகிற பை ஒன்றில் இவை மட்டும்: இரண்டு பேருக்கும் ஒரு செட் மாற்றுத்துணி, உள்ளாடை, நைட்டி, மாத்திரைகள், சீப்பு, சார்ஜர், நகை, பாஸ்போர்ட், பாஸ்போர்ட்டின் ஜெராக்ஸ். பாஸ்போர்ட்டைப் பெரிய பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டு எமிகிரேஷன் வரிசையில் அழுகிறவர்களை நேரில் பார்த்தேன். புடவை வேண்டுமென்றால் சுங்குடிதான் என் ஓட்டு. கையளவாக மடங்கும், கசங்கினாலும் குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு அந்த ஆவியில் அரைமணி தொங்கவிட்டால் கட்டுகிற பதத்துக்கு வந்துவிடும். டிராலிப் பெட்டியைக் கைப்பையாக எடுத்துப் போவது எனக்குப் பிடிக்கவில்லை. அறை தயாராகிற வரை, மதியம் வரைக்கும், தட்டை ஒரு கையிலும் பெட்டியை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு பஃபேயில் அலைய வேண்டியிருக்கும்.

3. அட்டையும் அறையும்

கவுண்டரில் ஒரு அட்டை தருவார்கள். அறைச் சாவி, பணப்பை, கப்பலில் ஏறி இறங்கும் அடையாளம் எல்லாம் அதுதான். கழுத்தில் மாட்டுகிற பட்டையை ஊரிலேயே வாங்கிப் போய்விடுங்கள். எங்கள் பாஸ்போர்ட்டைக் கப்பலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். பதறாதீர்கள், ஜெராக்ஸ் எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும்.

அறையைத் திறந்தால் இரண்டு கட்டில், நடுவில் ஒரு முழ இடைவெளி. டிக்கெட் போட்டவர் 'ட்வின்' என்று போட்டுவிட்டார். ஹனிமூனுக்கு வந்துவிட்டு இதை எப்படிப் போய்க் கேட்பது என்று இரண்டு பேருமே அரைமணி நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கேளுங்கள். அறைப் பணியாளருக்கு இது தினசரி வேலை, பத்து நிமிஷத்தில் சேர்த்துப் போட்டுவிட்டார்.

வழி தொலையும். பெரிய கப்பல்கள் 300 மீட்டருக்கு மேல் நீளம், நம் மீனாட்சியம்மன் கோயில் வெளிமதிலின் ஒரு பக்கத்தைவிட அதிகம். கோயிலில் எந்தக் கோபுரத்தில் செருப்பு விட்டோம் என்று நினைவு வைத்துக்கொள்வோம் இல்லையா, அதேபோல இங்கே உங்கள் லிஃப்ட் முன்பக்கமா பின்பக்கமா என்பதை மட்டும் மனதில் வையுங்கள். கதவுகள் எல்லாம் ஒரே மாதிரி. பல கப்பல்களில் அறைச் சுவரும் கதவும் இரும்பு என்பதால் காந்த ஸ்டிக்கர் ஒட்டும். நான் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுகிற ஒரு வாழைப்பூ காந்தத்தை எடுத்துப் போயிருந்தேன்.

4. போன்

கப்பல் நகர்வதற்கு முன்பே ஏரோபிளேன் மோடு. மறந்தால் கப்பலின் செயற்கைக்கோள் நெட்வொர்க்கைப் போன் தானே பிடித்துக்கொள்ளும், பில் சாதாரண ரோமிங்கையே தூக்கிச் சாப்பிட்டுவிடும். நேரத்தையும் தானாக மாறவிடாதீர்கள். புக்கெட் நேரம் சிங்கப்பூருக்கு 1 மணி நேரம் பின்னால், கப்பல் எந்த நேரத்தில் ஓடுகிறதோ அதுதான் உங்கள் நேரம். இதற்கு ஒரு பழைய முள் கடிகாரமே போதும்.

5. பாதுகாப்பு ஒத்திகை

'மஸ்டர் டிரில்' என்பார்கள். இதைத் தட்டிக் கழிக்க முடியாது, கழிக்கவும் கூடாது. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலிக் கரையருகே கோஸ்டா கான்கார்டியா என்ற பயணிகள் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது, 32 பேர் இறந்தார்கள். அன்றுதான் ஏறிய பயணிகள் பலருக்கு ஒத்திகையே நடந்திருக்கவில்லை. அப்போதைய விதி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றிருந்தது. 2015 முதல், கப்பல் கிளம்புவதற்கு முன் அல்லது கிளம்பிய உடனே நடத்தியாக வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள். ஏழு குட்டை ஊதல், ஒரு நீள ஊதல் கேட்டால் உங்கள் அட்டையில் போட்டிருக்கும் இடத்துக்குப் போய் நிற்க வேண்டும். சில கப்பல்களில் அறை டிவியில் வீடியோ பார்த்துவிட்டு அந்த இடத்தில் போய் அட்டையைக் காட்டினால் முடிந்தது. செல்ஃபி அதற்கப்புறம்.

6. வயிறு

இந்தக் கப்பல் போகிற மலாக்கா நீரிணை பெரும்பாலும் அமைதியான தண்ணீர். ஆனாலும் முதல் ராத்திரி தலை லேசாகச் சுற்றலாம். நடுக்கப்பலில், கீழ்த்தளத்தில் அறை கிடைத்தால் ஆட்டம் குறைவு. குமட்டல் மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்கி, கப்பல் கிளம்புவதற்கு முன்பே போடுங்கள். வாந்தி வந்தபிறகு போட்டால் அதுவும் சேர்ந்து வெளியே வந்துவிடும். சில மாத்திரைக்குத் தூக்கம் சொக்கும், ஹனிமூன்காரர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவும். எனக்குக் கீழமாசி வீதியில் வாங்கிய இஞ்சி மரப்பாவே போதுமாக இருந்தது.

சைவம் என்றால் முதல் நாளே உணவகப் பொறுப்பாளரிடம் சொல்லிவிடுங்கள். மறுநாளிலிருந்து அவர்களே தேடி வருவார்கள்.

பின்சேர்க்கை

மல்லிகைப்பூ கொண்டுபோகலாமா என்று நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். ஊரிலிருந்து சுமக்க வேண்டாம். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், கேம்பல் லேன் பக்கம், தொடுத்த சரமே கிடைக்கிறது. இரண்டு முழம் வாங்கிக் கைப்பையில் வைத்துப் போனேன், எங்களை யாரும் தடுக்கவில்லை. நம்மூர் வாசனை இல்லை, அது வேறு விஷயம்.

கெட்டில் திரும்பக் கிடைத்ததா என்றும் கேட்டிருந்தீர்கள். கிடைத்தது. இறங்குகிற நாள் காலையில் அதே கீழறை மேஜையில் இஸ்திரிப் பெட்டிகள் ஒரு வரிசை, எங்களுடையதைப் போலவே ஸ்டீல் கெட்டில்கள் நாலு. ரசீது துணியோடு துணியாக எங்கேயோ போய்விட்டது. "எது உங்களுடையது?" என்றார் அந்த நேபாளத்துச் செக்யூரிட்டிக்காரர். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். மூன்றாவதின் அடியில், சீர்ப் பாத்திரத்துக்கெல்லாம் பேர் வெட்டின அதே கையெழுத்தில், அம்மா என் பெயரை வெட்ட வைத்திருந்தாள், தேதியோடு.